மாலை போட்டா 41 நாள் தம் இல்லை... 42-வது நாள் என்ன ஆகுது? திருவக்கரையிலிருந்து ஒரு கணக்கு!

கார்த்திகை பிறந்தால் ஊருக்கு ஊர் ஓர் அதிசயம் நடக்கும். காலையில் பல் துலக்கும் முன்பே பீடியைப் பற்றவைக்கிற ஆள், கழுத்தில் துளசி மாலை ஏறியதும் ஒரு மண்டலம் அதைத் தொடவே மாட்டார். (ஒதுங்கிப் போய் ஊதிட்டு வர்ற சாமிகளும் உண்டு, அவங்களை விடுங்க.) மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் பார்த்தால், அதே டீக்கடை, அதே பெஞ்ச், அதே பீடி.

இதில் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. நிகோட்டினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு வாரங்களில் அடங்கிவிடும். 41 நாள் தாக்குப்பிடித்தவர் அந்தக் கண்டத்தைத் தாண்டியாச்சு! அப்புறமும் அவரை 42-வது நாள் இழுப்பது எது? நேற்று வரை 'சாமி' என்று கூப்பிட்டவர்கள், இன்று 'மச்சான், ஒண்ணு போடு' என்கிறார்கள். விரதத்தின்போது வீடு, தெரு, கடைக்காரர் என எல்லோருமே அவருக்குக் காவல் இருந்தார்கள். மாலையோடு அந்தக் காவலும் கழன்றுவிட்டது.

புகையை விடுவது தனி ஆளின் மன உறுதி சம்பந்தப்பட்டது மட்டும் என்று நாம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கிறது என்பதைத் திருவக்கரை மாதிரி ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் புரியும்.

தூசியா, பீடியா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிற திருவக்கரையை உங்களில் பலருக்கு இரண்டு காரணங்களால் தெரிந்திருக்கும். ஒன்று, பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும் வக்கிரகாளியம்மன் கோயில். இன்னொன்று, சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான கல்மரங்கள் கிடக்கிற தேசிய கல்மரப் பூங்கா. ரீல்ஸில் அதிகம் வராத மூன்றாவது முகம் ஒன்று இருக்கிறது: கல்குவாரிகளும் கிரஷர்களும்.

பாறையை உடைக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் படிந்து தழும்பாகிப்போனால் சிலிகோசிஸ். அந்த நோய் வந்தவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பீடி, சிகரெட்டும் காசநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. குவாரியில் வேலை செய்துகொண்டே பீடியும் பிடிப்பவருக்கு, இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் இறங்குகின்றன.

இதில் பழியை மாற்றிவிடுவது ரொம்ப சுலபம். இருமல் வந்தால் 'எல்லாம் தூசியாலதான்' என்று தொழிலாளி சொல்லிக்கொள்ளலாம், பீடி தப்பித்துவிடும். 'நீ ஊதுற பீடிதான் காரணம்' என்று வேலை கொடுப்பவர் சொல்லலாம், தூசி தப்பித்துவிடும். அதனால், புகையை விடச் சொல்லி குவாரிப் பக்கம் போகிற யாராக இருந்தாலும், தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குகிறார்களா என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளி அவர்களை நம்பப் போவதில்லை. நம்பாததில் நியாயமும் இருக்கிறது.

காசநோய் பற்றிச் சொல்வது பூச்சாண்டி காட்ட அல்ல. 1990-களின் இறுதியில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் 27,000 பேர் சென்னை, 16,000 பேர் இதே விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள். உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் புகைப்பழக்கத்தோடு அதை ஒப்பிட்டார்கள். வெ.கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் செய்த அந்த ஆய்வு 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்றது அது. 25-லிருந்து 69 வயதுக்குள் புகையால் இறப்பவர்கள் இழப்பது சுமார் 20 ஆண்டு ஆயுள். தியேட்டரில் படம் போடும் முன் வரும் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, சிகரெட் என்றாலே நமக்குப் புற்றுநோய் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால், அந்த ஆய்வின் சென்னைக் கணக்கில் புகைப்பவர்களிடம் கூடுதலாக இருந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்கள், அதிலும் முக்கியமாகக் காசநோய். புற்றுநோய் 11 சதவிகிதம்தான்.

இப்படி உலகத்துக்கே பாடம் சொன்ன மாவட்டம் இது. 2007-08-ல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனை முயற்சியாகத் தொடங்கியபோதும், தமிழ்நாட்டில் தேர்வான இரண்டு மாவட்டங்களில் ஒன்று விழுப்புரம். இன்னொன்று காஞ்சிபுரம். 'இங்கே புகைபிடிக்காதீர்' போர்டும், 200 ரூபாய் வரை அபராதமும் நமக்குப் பழகிவிட்டன. சரி, விடணும்னு நினைக்கிறவன் எங்கே போவான்?

கேட்கிறாங்க... அப்புறம்?

விட நினைப்பவர்கள் குறைவு என்று சொல்லவே முடியாது. 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4% பேர் விடத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ சொன்னார்கள். ஆனால், மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்க்கப் போன புகைப்பவர்களில் 48.8% பேருக்குத்தான் 'விட்டுடுங்க' என்ற வார்த்தையே கிடைத்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

இலவச உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. 2016-ல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட்டின் மீதே அச்சாகிறது. ஆனால், பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கி, தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்துவிட்டுப் போகிறவர் கையில் பாக்கெட்டே வருவதில்லை. அரசு அவ்வளவு யோசித்து அச்சடித்த எண், கடைக்காரரின் டப்பாவோடு நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் ஆள்தான் போக வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, அந்தத் தன்னார்வலர் அக்காக்கள். அதே ஊர்க்காரங்க. 'பெரியப்பா, ஒரு நாளைக்கு எத்தனை பீடி?' என்று உரிமையோடு கேட்கக்கூடியவர்கள். நாடு முழுக்கத் தொற்றா நோய்ப் பரிசோதனைக்கு நிரப்பப்படும் படிவத்திலும் புகையிலை பற்றி ஒரு கேள்வி உண்டு. பதிலுக்கு மதிப்பெண்கூட உண்டு. ஆனால், அந்த மதிப்பெண்ணோடு கதை முடிந்துவிடக் கூடாது.

இரண்டு சிக்கல்கள். அக்கா வரும் நேரத்தில் ஆம்பளைங்க குவாரியில் இருப்பார்கள். 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்துக்கே போகிறது, எனவே இது தீர்க்கக்கூடிய சிக்கல்தான். அடுத்தது உங்களைப் பற்றியது. அந்தப் படிவம் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு. காலேஜில் தொடங்கி 24 வயதில் நாளைக்கு அரை பாக்கெட் ஊதுகிறவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

திரும்பத் திரும்பப் போய்ப் பேசினால் பலன் உண்டா? கேரளாவில், திருவனந்தபுரம் மாவட்டக் கிராமங்களில் 928 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்குப் பல சுற்று ஆலோசனை, இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான விழிப்புணர்வு மட்டும். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் 14.7% பேர் விட்டிருந்தார்கள், மற்றதில் 6.8%. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் ஒரே ஒருமுறை, கால் மணி நேரம் பேசி மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோது 2.6%, மிகச் சுருக்கமாக மட்டும் அறிவுரை சொன்ன இடங்களில் 0.5%. இரண்டு ஆய்வுகளின் அளவுகோல்களும் வேறு, நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும், நூற்றுக்குப் பதினைந்து பேரைத் தொடக்கூட ஓர் ஆள் திரும்பத் திரும்ப வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பது தெரிகிறது. போர்டு வைப்பதைவிட இது செலவு பிடிக்கிற வேலை. அதனால்தான் போர்டு நிறைய இருக்கிறது போல!

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 32 ஆண்டுத் தரவுகளை அலசிய 2008-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, கணவனோ மனைவியோ விட்டால் துணை புகைக்கும் வாய்ப்பு 67% குறைகிறது, நண்பர் விட்டால் 36% குறைகிறது என்றது. அதாவது, டீக்கடை பெஞ்சில் ஒருவர் நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவரும் ஆட்டம் காண்கிறார்.

அதனால் ஒரு யோசனை. ஜனவரி நடுவில் மகரஜோதி முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் யார் யார் என்பது அந்தந்தத் தெருவுக்கே தெரியும். உடம்பளவில் பாதிக்கிணறு தாண்டியவர்கள் அவர்கள். சுகாதாரத் துறை சும்மா வருஷத்துக்கு ஒரு நாள், மே 31-ல் பேரணி நடத்துவதைவிட, மாலை கழற்றுகிற அந்த வாரத்தில் அக்காக்களை அவர்கள் வீட்டுக்கு அனுப்பலாம். மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை. தேவைப்பட்டால் நிகோட்டின் சூயிங் கம். 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, ஆனால் தினக்கூலிக்காரர் காசு போட்டு வாங்கும் பொருள் அல்ல அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால்தான் திருவக்கரை குவாரி வரை போய்ச் சேரும்.