கூட்டைக் காப்போர்

மாரிக்காலம் தொடங்கியதும் பழவேற்காட்டு ஏரிக்கு வலசை வரும் பறவைகளுள் விராலடிப்பான் ஒன்று. வேட்டைப் பறவையாகிய இதற்கு மீனே உணவு. நீர்ப்பரப்பின்மேல் வட்டமிட்டு வருகையில் ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும். மீனைக் கண்டதும் கால்களை முன்னே நீட்டிப் பாய்ந்து நீருள் மூழ்கி எழும். அதன் உள்ளங்காலில் முட்கள் போன்ற செதில்கள் உள்ளன. வெளிவிரலைப் பின்புறமாகவும் திருப்ப வல்லது. ஆகவே, வழுக்கும் மீனும் அதன் பிடிக்கு எளிதில் தப்புவதில்லை. பற்றிய மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிக்கொண்டு அது பறந்து செல்லும் காட்சி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிக் கரையோர மக்கள் காணக்கூடியது.

எனினும், இப்பறவை இங்கே கூடு கட்டுவதில்லை. வேனில் வருமுன் வடதிசை நோக்கிச் சென்று, ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் உயர்ந்த மரங்களின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கிக் குடியமைக்கும். செவ்வாப்பேட்டையிலோ திருவள்ளூரிலோ பயிலும் மாணவர் அக்கூட்டைக் காணுதல் இயலாது. ஆயினும், அத்தகைய கூடு ஒன்றின் வரலாறு ஏரியும் குளமும் உடைய ஊரார் அனைவரும் அறியத்தக்கது.

ஸ்காட்லாந்து நாட்டில் விராலடிப்பான் பண்டு மிகுதியாக வாழ்ந்தது. துப்பாக்கி ஏந்தியோர் அதனைச் சுட்டனர். முட்டை சேகரிப்போர் கூடுகளைக் கொள்ளையிட்டனர். பறவை அருகியபோது அதன் முட்டைக்கு மதிப்பு ஏறிற்று. மதிப்பு ஏறவே பறவை மேலும் அருகிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கூடு கட்டும் விராலடிப்பான் இல்லையாயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின், 1954இல், கார்ட்டன் என்னும் ஏரியின் அருகே ஓர் இணை மீண்டும் குடியேறிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே குஞ்சு பொரிப்பது கைகூடவில்லை.

கூட்டிலுள்ள முட்டைகள் பொரிவதற்கு ஏறத்தாழ 37 நாள்கள் வேண்டும். குஞ்சுகள் பறப்பதற்கு மேலும் 50 நாள்களுக்கு மேல் செல்லும். இவ்வளவு நாளும் பெண் பறவை பெரும்பாலும் கூட்டைவிட்டு அகல்வதில்லை. ஆண் பறவை மீன் கொணர்ந்து ஊட்டும். காற்றும் மழையும் ஓயாது அலைக்குமாயின் நீர் கலங்கும். மீன் கண்ணுக்குப் புலனாகாது. உணவு குறைந்தால் இளைய குஞ்சு முதலில் மெலிந்து மடியும். இத்தனை இடர்களையும் கடக்க வேண்டிய கூட்டுக்கு மனிதனும் பகையாக வந்தான்.

1958ஆம் ஆண்டு, பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கத்தினர் அக்கூட்டுக்கு இரவும் பகலும் காவல் வைத்தனர். கூடு இருந்த இடத்தை மறைவாகவே வைத்திருந்தனர். சூன் மாதத்தில் இருள் சூழ்ந்த ஓர் இரவில், கள்வன் ஒருவன் அம்மரத்தில் ஏறினான். காவலர் கண்டு கூவி ஓடிவந்தனர். அவன் இருளில் தப்பினான். மரத்தடியில் விராலடிப்பானின் முட்டைகள் உடைந்து கிடந்தன. கூட்டினுள்ளேயோ, காலணிக்குப் பூசும் மையைத் தடவிய கோழிமுட்டைகள் இருந்தன! ஒரு தாய்ப்பறவையை ஏமாற்ற இத்துணைச் சூழ்ச்சி.

மறு ஆண்டு என்ன செய்வது? இன்னும் ஆழ்ந்த மறைவில் வைப்பதே நன்று என்பதுதான் எவருக்கும் எளிதில் தோன்றும் வழி. அச்சங்கத்தின் சார்பில் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய சார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பார் அதற்கு மாறானதைத் துணிந்தார். மரத்தைச் சுற்றி முட்கம்பி இட்டார், காவலை மிகுத்தார், தொலைவில் ஓரிடம் அமைத்து, தொலைநோக்கி வழியே கூட்டைக் காண வருமாறு பொதுமக்களை அழைத்தார். 1959ஆம் ஆண்டின் அவ்வொரு பருவத்தில் ஏறத்தாழ 14,000 பேர் வந்து கண்டனர். மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. இன்று பிரித்தானியத் தீவில் 200க்கும் மேற்பட்ட இணைகள் வாழ்கின்றன.

வாட்டர்ஸ்டன் செய்ததே சரி. மறைத்து வைத்த பொருளைக் காக்கச் சிலரே உளர். அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதோ கள்வனுக்குத் தொழில். பலர் கண்டு மகிழும் பொருளுக்குப் பலரும் காவலர் ஆவர். ஆயின், காண்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். கூட்டின் அருகே செல்வது அன்பினால் ஆயினும் தீங்கே. தாய் அஞ்சி எழுந்தால் முட்டைகள் குளிரும். குஞ்சுகள் வெயிலில் வாடும்.

மெலிந்த குஞ்சைக் கண்டும் உதவாதிருத்தல் தகுமோ என்று வினவலாம். நெஞ்சைத் தைக்கும் வினாவே இது. மழையும் பசியும் செய்வதில் மனிதன் தலையிடின், ஒன்றைக் காக்கப்போய் கூடு முழுவதையும் இழக்க நேரும். அங்கே பொறுத்திருந்து பார்ப்பதே கடன். மனிதன் செய்யும் தீமை அத்தகையதன்று. அமெரிக்காவில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மீனின் வழியே விராலடிப்பானின் உடலிற் சேர்ந்து முட்டையின் ஓட்டை மெல்லியதாக்கிற்று; அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. 1972இல் அந்நாட்டில் அம்மருந்து விலக்கப்பட்ட பின்னரே கூடுகள் பெருகலாயின. அங்கே பொறுத்திருப்பது கடனன்று, குற்றம். 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிக் கூழைக்கடாக்களின் இறகுகளில் படிந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. தொழிற்சாலைகள் நிறைந்த நிலத்தில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும்.

கூட்டைக் காக்கும் கலையைத் தமிழர் ஸ்காட்லாந்திடம் கற்க வேண்டிய நிலையில் இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தம் ஏரிப் பறவைகளைப் படைவீரர் சுடுவதாக ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, காக்கும் உரிமையை எழுத்து வடிவில் பெற்றனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம் ஆதலின் அவர்கள் காத்தனர் என்பர். பயன் கருதிய அன்பு அன்பாகுமோ எனக் குறை கூறுவாரும் உளர். பயனும் அன்பும் ஓர் ஏரியின் நீரையே உண்டு வளர்ந்தால் அதில் இழுக்கு யாது?

அங்கும் துன்பம் மிக்க பருவங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி நிரம்பாது. மரத்தடியில் நீர் நின்றாலன்றோ நரியும் பூனையும் அணுகமாட்டா? நீர் வற்றின் காவலும் போம், இரையும் போம். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டாமலே வேறிடம் தேடுவதுண்டு. அவ்வாண்டுகளில் வயலுக்கும் நீர் வேண்டும், பறவைக்கும் நீர் வேண்டும். வேளாண் மக்கள் இதனை எளிதாகக் கடந்தனர் என்று கூறுதல் பொய்யாகும். மழை பெய்த ஆண்டில் பறவைகள் மீண்டும் வந்தன. மரத்தில் ஏறிக் கூட்டைக் கலைக்க எவரும் இல்லை என்பது மட்டும் மாறாதிருந்தது. ஐப்பசியில் தீபாவளி வரும்போது அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. பறவைகள் வந்து சுள்ளி பொறுக்கத் தொடங்கும் காலம் அதுவே.