கடைச் சுவரில் ஒட்ட ஒரு தாள் வேண்டும்

பெறுநர்: தொழிலாளர் ஆணையர், தமிழ்நாடு அரசு, சென்னை.
டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

திருவண்ணாமலையில் பாத்திரக் கடை நடத்துகிறேன். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. மூன்றே நாளில் அண்ணாமலையார் கோயிலில் கார்த்திகை தீபத் திருவிழாக் கொடியேற்றம். டிசம்பர் 3 மகாதீபம் முடியும்வரை இந்த ஊரில் எந்தக் கடைக்காரருக்கும் தலைநிமிர நேரமில்லை. சட்டம் மாறிய சேதியை எங்களில் பலர் தீபம் முடிந்துதான் விசாரிக்கவே ஆரம்பித்தோம்.

சட்டம் மாறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு வரியில் புரிந்தது, ஸ்டூல் வாங்கிப் போட்டோம். இப்போது வந்திருப்பவை அப்படிப் புரியவில்லை.

ஓர் உதாரணம். பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு பையன், "அண்ணாச்சி, நான் ஊருக்குப் போறேன், கணக்கு முடிச்சிடுங்க" என்கிறான். சம்பளத் தேதியில் வந்து வாங்கிக்கொள் என்பதுதான் கடைத்தெரு வழக்கம். புதிய சட்டப்படி, அவனாக விலகினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் கடைத்தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதேபோல், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளக் கணக்கில் சேரும். பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்.

இது மத்திய அரசின் பக்கம். மாநிலத்தின் 1947-ஆம் ஆண்டு கடைகள் சட்டம் தனியே இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்கான பதிவு முறை 2025 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. தீபத்தன்று இங்கே யார் கடையை மூடுவார்கள்? அந்த நாள் விடுமுறைப் பட்டியலில் இருந்தால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ கொடுத்தாக வேண்டும்.

தொகுப்புகள் அமலுக்கு வந்தும் மாநிலத்தின் இறுதி விதிகள் வரவில்லை. முரண்படாத அளவுக்குப் பழைய விதிகளே தொடரும் என்கிறார்கள். எது முரண், எது முரணில்லை என்று யார் சொல்வது? ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப் வேறொன்று சொல்கிறது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஹெச்.ஆர். அதிகாரி உண்டு. எங்களுக்கு உள்ளவர் மாதம் ஒருமுறை வந்துபோகும் கணக்கர்தான்.

நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பின் 50-ஆம் பிரிவு, அச்சட்டத்தின் சுருக்கத்தைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது. 51-ஆம் பிரிவு, ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஆலோசனை சொல்லலாம் என்கிறது. 54-ஆம் பிரிவு, சில மீறல்களில் வழக்குக்கு முன் குறையைச் சரிசெய்ய அவகாசம் தரச் சொல்கிறது. ஐந்தாண்டுக்குள் அதே தவறு மீண்டும் நடந்தால் அவகாசம் கிடையாது. ஆக, சொல்லிக்கொடுப்பதும் துறையின் வேலை என்று சட்டமே வகுத்திருக்கிறது.

எனவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, கடை, உணவகம், விடுதி எனத் தொழில்வாரியாக, எது எப்போது முதல் பொருந்தும் என்ற தேதியுடன், ஒரே பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் வெளியிடுங்கள். இரண்டு, விதிகள் இறுதியானதும் எங்கள் ஊரில் ஒரு விளக்க முகாம் நடத்துங்கள்; பௌர்ணமியும் தீபமும் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். மூன்று, விதிகள் மாறும்போதெல்லாம் அந்தச் சுருக்கத்தைத் திருத்தி வெளியிடுங்கள்.

அந்தத் தாள் எனக்கு மட்டும் உதவாது. சுவரில் ஒட்டினால் என் கடை ஊழியரும் படிப்பார், தமக்குச் சேர வேண்டியதைக் கேட்பார். கேட்கட்டும். அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் அதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை பாத்திரக் கடைக்காரர் ஒருவர்