எந்திரன் ‘அவனா’, ‘அதுவா’?



அறிவியல் கதைகளில் வரும் சொற்களுக்கும் ஊர், பேர், பிறந்த ஆண்டு எல்லாம் உண்டு. அவற்றைத் தேடிப் பார்த்தால், அந்தக் கதைகளை விடச் சுவாரஸ்யமாக இருக்கும்!

விண்வெளி வீரரை ஆங்கிலத்தில் ‘அஸ்ட்ரோநாட்’ என்கிறோம். கிரேக்க மொழியில் ‘நட்சத்திர மாலுமி’ என்று பொருள். 1880ல் பெர்சி கிரெக் என்ற ஆங்கில எழுத்தாளர், செவ்வாய்க்குப் போகும் ஒரு கப்பலைக் கற்பனை செய்து, அந்தக் கப்பலுக்கு இந்தப் பெயரை வைத்தார். யூரி ககாரின் உண்மையாகவே விண்ணுக்குப் போனது 1961ல்தான். பயணத்துக்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் தயார்!

தமிழிலும் அப்படித்தான். ‘கலம்’ என்றால் கப்பல். அது ‘விண்கலம்’ ஆயிற்று. ‘ஓடம்’, ‘விண்ணோடம்’ ஆயிற்று. எங்கள் மணமேல்குடி போன்ற கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், ‘அட, நம்ம கடல் சொல்லுதான் வானத்துக்குப் போயிருக்கா!’ என்று சந்தோஷப்படுவர்.

இப்போது, ‘ரோபோ’வுக்கு வருவோம். இரும்பு உடம்பு, சிவப்புக் கண், கரகரத்த குரல் எல்லாம் ஞாபகம் வருகிறதா? ஆனால், இந்தச் சொல் பிறந்தது தொழிற்சாலையில் அல்ல, ஒரு நாடகத்தில்!

செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக், 1920ல், ‘ஆர்.யு.ஆர்.’ என்ற நாடகத்தை எழுதினார். மனிதர்களுக்காக உழைக்க, செயற்கை ஆட்களைத் தயாரித்து விற்கும் ஒரு கம்பெனியின் கதை அது. அந்த ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் குழம்பிய போது, ஓவியரான அண்ணன் ஜோசப் சொன்ன பெயர்தான், ‘ரோபோட்’.

செக் மொழியில், ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. பண்ணையாரின் நிலத்தில், குடியானவர்கள் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இதே பொருளில் ஒரு சொல் உண்டு, அது, ‘வெட்டி’. ஆக, ‘ரோபோ’ என்ற சொல்லுக்குள் இருப்பது இரும்பு அல்ல. ஏழை உழைப்பாளியின் வியர்வை. நாடகத்தில், அந்த ரோபோக்கள் பொறுக்க முடியாமல் எதிர்த்துக் கிளம்பி விடுகின்றன!

பின், 1941ல் ஐசக் அசிமோவ் தன் கதை ஒன்றில், ‘ரோபோட்டிக்ஸ்’ என்று எழுதினார். இன்று அது கல்லூரியில் ஒரு படிப்பு.

தமிழுக்கு வருவோம். ‘எந்திரம்’ என்பது சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். கரும்பு பிழியும் ஆலைக்கு அந்தப் பெயர். 2010ல் வந்த திரைப்படத்தால், ‘எந்திரன்’ என்ற பெயர் பட்டி தொட்டியெல்லாம் பரவியது. கவனித்தீர்களா? ‘ம்’ போய் ‘ன்’ வந்தது. அவ்வளவுதான், அஃறிணை உயர்திணை ஆகி விட்டது! ‘எந்திரம் வந்தது’ என்போம். ‘எந்திரன் வந்தான்’ என்போம்.

கதைக்கு இது அழகு. சுஜாதாவின், ‘என் இனிய இயந்திரா’ நாவலில் வரும் இயந்திர நாய் ஜீனோவை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், வாழ்க்கையில்? இப்போது கைபேசியில் கேள்வி கேட்டால், செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது. சில பிள்ளைகள், ‘அவன்கிட்ட கேட்டேன், அவன்தான் சொன்னான்’ என்கின்றனர். என்னைக் கேட்டால், ‘அது சொன்னது’ என்பதே சரி.

ஏன் தெரியுமா? தப்பாகச் சொல்லி விட்டால் அதற்கு வெட்கம் கிடையாது, வருத்தம் கிடையாது. பொறுப்பு முழுவதும், அதைச் செய்தவருக்கும், சரிபார்க்காமல் நம்பிய நமக்கும்தான். ‘அவன்’ என்று சொல்லச் சொல்ல, பொறுப்பையும் அதன் தலையில் கட்டி விடுவோம். சீவக சிந்தாமணியில், விசயை என்ற அரசி உயிர் தப்புவது, மயில் வடிவில் பறக்கும் ஒரு கருவியால். உயிரையே காப்பாற்றினாலும், அதன் பெயர், ‘மயிற்பொறி’தான். பொறி, பொறியாகவே இருந்தது!

இதை விட முக்கியமான இன்னொன்று உண்டு. எந்திரத்தை, ‘அவன்’ என்று அழைக்கும் நாம், சில மனிதர்களை எந்திரமாக நடத்துகிறோம். குப்பை அள்ள வருபவர், மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவர், ஓட்டலில் இலை எடுப்பவர்... இவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? ‘ஏய், இங்கே வா’ என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சாபெக்கின் நாடகம் எச்சரித்தது இதைத்தான். கட்டாய உழைப்புக்கு எந்திரத்தைப் பயன்படுத்துங்கள், மனிதரை எந்திரமாக்காதீர்கள்!

எனவே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள் செல்லங்களே... உங்கள் தெருவுக்கு உழைக்க வருபவரின் பெயரைக் கேட்டு, அண்ணா என்றோ, அக்கா என்றோ சேர்த்துக் கூப்பிட்டுப் பாருங்கள். கைபேசியை மட்டும், ‘அது’ என்றே சொல்லுங்கள். அது ஒன்றும் கோபித்துக் கொள்ளாது!

– ஓய்வு பெற்ற ஆசிரியர், மணமேல்குடி.