டிஆர்-90 ஃபிரேம்: 15 கிராம் நைலானுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



கண்ணாடிக் கடைக்குப் போனா முதல்ல காதில் விழுறது இதுதான்: "சார், இது டிஆர்-90. வளைச்சாலும் உடையாது." விலையைத் திருப்பிப் பார்த்தா 4,500 ரூபாய். என் கருத்து: மெட்டீரியலை வாங்குங்க, பெயருக்காகக் காசு கொடுக்காதீங்க.

டிஆர்-90 ஒரு பிராண்டு ஃபிரேம் இல்லை. சுவிட்சர்லாந்தின் இஎம்எஸ் நிறுவனம் தயாரிக்கும் கிரிலாமிட் என்ற பாலிஅமைடு பிளாஸ்டிக்கில் ஒரு ரகம். பாலிஅமைடுன்னா நமக்குத் தெரிந்த நைலான்தான். சாதாரண நைலானில் மூலக்கூறுகள் ஆங்காங்கே படிகமாக அடுக்கி நிற்பதால் ஒளி சிதறி மங்கலாகத் தெரியும். இதில் அந்த அடுக்கு உருவாகாது, அதனால் தெளிவா இருக்கு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம்தான், பாலிகார்பனேட்டுக்கு 1.2. மூக்குக்குப் பாரம் குறையும். ஆக, பொருள் நிஜமாவே நல்லது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஃபிரேம் 15 கிராம், பிளாஸ்டிக் கிலோ 3,000 ரூபாய்னு தாராளமாவே வெச்சுக்கோங்க. மூலப்பொருள் செலவு 45 ரூபாய்! பெரிய முதலீடு அச்சுக்குத்தான். ஆனா ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். எண்ணிக்கை கூடக்கூட ஒரு ஃபிரேமின் தலையில் விழும் செலவு குறையும். மீதி டிசைன், கூலி, கடை வாடகை, விளம்பரம், லாபம். அதுக்குக் கொடுப்பது தப்பில்லை. ஆனா "மெட்டீரியல் காஸ்ட்லி சார்" என்பதை நம்பிக் கொடுக்காதீங்க.

வாங்கும்போது மூணு விஷயம்:

1. உள்பக்கம் டிஆர்-90னு அச்சடிச்சிருப்பது தரச்சான்று ஆகாது. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க.

2. அசிடேட் ஃபிரேமைச் சூடாக்கி காதுக்கு ஏற்ப வளைப்பது போல இதை எளிதில் வளைக்க முடியாது. கடையிலேயே போட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டும் வாங்குங்க.

3. பார்வைக் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 4,000னா 280 ரூபாய் மிச்சம். பில்லில் அது இருக்கான்னு பாருங்க.

நாம பார்ப்பது லென்ஸ் வழியாதான், ஃபிரேம் வழியா இல்லை. பட்ஜெட் 5,000 ரூபாய்னா நான் கண் பரிசோதனைக்கும் லென்ஸுக்கும் 3,500 ஒதுக்குவேன், ஃபிரேமுக்கு 1,500. அதைத் தாண்டி ஃபிரேமுக்கு இஎம்ஐ போடணும்னா, அது கண்ணுக்கான செலவு இல்லை, ஸ்டைலுக்கான செலவு. சம்பளத்தில் அந்தக் கணக்கிலேயே எழுதுங்க.

உங்க கடைசிக் கண்ணாடி பில்லில் ஃபிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு? கமென்ட்டில் சொல்லுங்க.