எல்லைக்கல்லை நகர்த்துவோர்

அண்டை வயலின் வரப்பை இரவோடு இரவாக வெட்டித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்பவனை எந்த ஊரும் மன்னிப்பதில்லை. அதே செயலைப் பட்டப்பகலில், சட்டமன்றத்தில், வரைபடத்தின்மீது செய்வோரை மட்டும் அரசியல் வித்தகர் என்று போற்றுகிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கல்வி வாரியத் தேர்தல் தொகுதிகள் மாற்றி வகுக்கப்பட்ட விதம் இதற்குச் சான்று.

அவ்வாரியத்தில் 15 உறுப்பினர்கள். தொகுதிக்கு ஒருவராக, கட்சி அடிப்படையில், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர். பள்ளிப் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும், எப்பாடநூல் ஏற்புடையது என்று முடிவு செய்பவர்கள் இவர்களே. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதியில் ஏறத்தாழ 19 லட்சத்து 43 ஆயிரம் மக்கள்.

அதற்கு முந்தைய பத்தாண்டில் மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 40 லட்சம் பெருகியது. அப்பெருக்கத்தில் நூற்றுக்கு 95 பங்கு வெள்ளையர் அல்லாதாருடையது. 2021இல் புதிய எல்லைகளை வகுத்ததோ குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம். 2022 தேர்தலில் அக்கட்சியின் இடங்கள் 9இலிருந்து 10 ஆயின. வாக்காளர் மனமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும், ஆட்டக்காரரே களத்தின் கோட்டையும் கிழித்தால், வெற்றியை யார் நம்புவர்?

தொகுதிகள் எண்ணிக்கையில் சமமாக உள்ளனவே என்பர் சிலர். எண்ணிக்கைச் சமம் வேறு, நீதி வேறு. ஒரு சமூகத்தைப் பல தொகுதிகளில் சிதறடித்தாலும், ஒரே தொகுதிக்குள் திணித்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும்; அச்சமூகத்தின் குரல்தான் தேய்ந்துபோகும்.

வென்றவர் வரைவது வழக்கந்தானே என்பர் வேறு சிலர். உண்மை. 1991இல் அதே மாநிலத்தில் காங்கிரஸ் தொகுதிகளைத் தமக்கேற்ப வளைத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். இருவரும் மாறி மாறிச் செய்வதால் தவறு அறமாகிவிடுமா? முன்பு டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் நடுவண் அரசின் முன்னனுமதி பெற்றே எல்லைகளை மாற்ற வேண்டியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் அக்காவல் செயலிழந்தது. கட்சி நலனுக்காக வளைத்த எல்லைகளை நடுவண் நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. வேலியும் இல்லை, காவலனும் இல்லை.

2024 நவம்பரில், விவிலியப் பகுதிகள் அடங்கிய தொடக்கப் பள்ளிப் பாடங்களுக்கு இவ்வாரியம் ஒப்புதல் அளித்தது. ஆதரவு 8, எதிர்ப்பு 7. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். திருநூல் பள்ளிக்குள் வந்ததே என்று நம்மவருள் சிலர் மகிழக்கூடும். அந்நூலின்மீதுள்ள பற்றினாலேயே கேட்கிறேன்: அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துவோனைச் சபிக்கிறது இணைச்சட்ட நூல். அதே நூலை ஐயத்துக்குரிய எல்லைகளின் துணையோடு வகுப்பறைக்குள் கொண்டுசெல்வது அதற்குப் பெருமையா?

மாற்று வழி இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டில் அரிசோனா மாநில வாக்காளர்கள், காங்கிரஸ், சட்டமன்றத் தொகுதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்து ஐவர் கொண்ட தன்னாட்சி ஆணையத்திடம் ஒப்படைத்தனர். கல்வி வாரியத்திற்கோ இது இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் அங்கே வளைக்கப்படும் ஒவ்வொரு கோடும் வாக்குரிமையே இல்லாத ஒரு குழந்தையின் புத்தகத்தில் போய் முடிகிறது.