சிரிக்க வைத்த ஸ்ரீதர்

புனேயில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், பழைய தமிழ்ப் படம் என்றாலே அழுகைப் படம் என்று ஒதுக்குவதைக் காண்கிறோம். அவர்களுக்கு டைரக்டர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யைக் காட்டுங்கள்.

1959இல் ‘கல்யாணப் பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று தாய்மார்களைக் கண்ணீர் சிந்த வைத்தவர்தாம், 1964இல் கோபுவின் துணையுடன் இந்த வண்ணச் சித்திரத்தைத் தந்தார். நாயகன் ரவிச்சந்திரன் புதுமுகம். எனினும் படத்தின் உயிர் நாகேஷும் பாலையாவுமே. படமெடுக்கத் துடிக்கும் மகன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும்போது பாலையாவின் முகம் படும் பாடு, இரவுப் பணி முடித்து வரும் எம் போன்றோரையும் சிரிக்க வைக்கும்! இளையோர் அத்தந்தையை ஏய்க்கின்றனர். ஆனால் ஸ்ரீதர் அவரை இழிவுபடுத்தவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் கூச்சமின்றி அருகருகே அமர்ந்து பார்க்க இயல்வது அதனாலேயே.

1966இல் ஸ்ரீதரே இதனை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’வாக எடுத்தார். அங்கே நாகேஷின் இடத்தில் மெஹ்மூத், பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ். 1978இல் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ தந்த ஸ்ரீதர் 2008இல் மறைந்தார்.

படம் போடும் நாளில் அண்டை வீட்டு மராத்தி அன்பர்களையும் அழையுங்கள். இந்திப் படம் பார்த்தோருக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை.