மாண்டவர் மீள்வதோ?

திரைப்படம் காண்பதே காலக்கேடு என்று கருதும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். 'அயர்ன் மேன்' (2008) முதல் 'எண்ட்கேம்' (2019) வரை ஒன்றுவிடாமல் பார்த்தவன். சூப்பர் ஹீரோ படங்களிடம் அன்புள்ளவனுக்கே அவற்றைக் கண்டிக்கும் உரிமையும் உண்டு என்ற துணிவில் எழுதுகிறேன்.

என் குற்றச்சாட்டு ஒன்றே. இப்படங்களில் சாவு சாவாக இல்லை.

2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அண்டத்து உயிர்களில் பாதி பொடியாகிப் போயின. அடுத்த ஆண்டே 'எண்ட்கேம்' படத்தில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். அப்படியானால் முன்பு நாம் சிந்திய கண்ணீருக்கு என்ன மதிப்பு? அதே படத்தில் நெஞ்சில் நிலைப்பது டோனி ஸ்டார்க்கின் மரணம். காரணம், அவன் மீளவில்லை. ஆனால் அவனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரையே வேறொரு வேடத்தில் அழைத்து வருவதாக 2024-இல் அறிவித்தார்கள். கலையைப் பார்த்து, 'சற்று ஒதுங்கி நில்' என்று வணிகம் சொல்லிவிட்டது!

நம் சிட்டி மட்டும் விதிவிலக்கா? 'எந்திரன்' (2010) முடிவில் தன்னைத் தானே கழற்றிக்கொண்டு விடைபெற்றான். கல்நெஞ்சும் கரைந்தது. 2018-இல் '2.0' வந்தது, அவனை மீண்டும் பூட்டினார்கள். பூட்டியது இயந்திரத்தை, குலைத்தது காவியத்தை.

'வெறும் படத்துக்கு இத்தனை வருத்தமா?' என்பீர்கள். நான் கார் நிக்கோபாரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தவன். அன்று எங்கள் தீவின் கடலோர ஊர்கள் அழிந்தன. விமானப்படைத் தளமே சிதைந்தது. வீரரும் குடும்பத்தாருமாக அங்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலையைத் தடுக்க எந்த மாவீரனும் பறந்து வரவில்லை. போனவர் எவரும் திரும்பவில்லை. எஞ்சியோரைத் தாங்கியது எது? நிக்கோபாரிய மக்களின் 'துஹேத்' என்னும் கூட்டுக் குடும்பம். நிலமும் தென்னையும் அங்கே பொது. பெற்றோரை இழந்த பிள்ளையின் பசியும் அங்கே பொது.

அந்த மண்ணில் நின்று பார்க்கும்போது எனக்கு உயர்ந்து தோன்றுவது ஜப்பானின் 'காட்சில்லா' (1954). அணுகுண்டு விழுந்து 9 ஆண்டுகளே ஆன நாட்டில் எடுத்த படம். கடலிலிருந்து எழுந்த விலங்கு நகரை மிதித்ததோடு கதை நிற்கவில்லை. மருத்துவமனையில் கிடந்த மக்களைக் காட்டியது. தாயை இழந்து கதறும் குழந்தையைக் காட்டியது. விலங்கை வீழ்த்திய அறிஞரும் கடலடியிலேயே உயிர் துறந்தார். வெற்றிக்கும் விலை உண்டு என்று சொன்ன படம் அது. பின்னர் அதற்கும் தொடர்கள் பெருகி, அவ்விலங்கு குழந்தைகளின் தோழனாகிப்போனது வேறு கதை!

கற்பனையே கூடாது என்பவன் அல்லன் நான். வீரன் பறக்கட்டும், காலத்தைத் தாண்டட்டும், கோள்களைப் பந்தாடட்டும். இழப்பை மட்டும் பொய்யாக்க வேண்டாம். இழப்பு பொய்யானால் வீரமும் பொய்தான்.

நாளைய இயக்குநர் நம்மிடையே இருக்கலாம். அவருக்கு என் வேண்டுகோள் இது: மாண்டவரை மாண்டவராகவே விடுங்கள். வீரன் பறந்து போன பிறகு, இடிந்த ஊரில் அடுப்பு மூட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சோறு போடுகிறவளைக் காட்டுங்கள். அந்தப் படத்துக்கு முதல் நாள், முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.